எனக்கும் அதே மாத்திரைதான்

ஞாயிறு, ஆவணி 8

அம்மா பொய் சொல்லித்தான் எனக்குப் பெண் தேடுகிறாள். கவனம் சிதறாமல் இருக்க நான் சாப்பிடும் ஏ.டி.எச்.டி. மாத்திரைகளை மிளகாய் டப்பாவுக்குள் ஒளித்துவிட்டு இன்று என்னையும் கூட்டிக்கொண்டு திருமயத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். அங்கே என் கால் நிற்காமல் ஆடியது. "கொசுக்கடி" என்று சமாளித்தாள்.

தனியாகப் பேச விட்டதும் அந்தப் பெண் நேராகவே சொன்னாள். "எங்கண்ணனுக்குக் கவனம் ஒரு எடத்துல நிக்காதுங்க. மாத்திரை சாப்புடுது. பைத்தியக்கார வீடுன்னு ரெண்டு வரன் தட்டிப் போச்சு. நான் மறைக்க மாட்டேன்."

எனக்கும் அதே மாத்திரைதான் என்று சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டு ஊரையே திட்டுகிறவன் நான். ஆனாலும் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஆடிய காலைக் கையால் அழுத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்தேன். வாசல்வரை வந்து கேட்டாள்.

"வீட்ட விடுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க? அதச் சொல்லிட்டுப் போங்க."