நம்பாத பூசாரி

ஞாயிறு, பாளையங்கோட்டை

பகடை உருட்டி ஆடும் எங்கள் மாயக்கதை விளையாட்டுக்கு நானும் என் நண்பன் ஜெபாவும் ஒரு வருடமாகப் புதுக் கதாபாத்திர வகைகளை உருவாக்கி வருகிறோம். இன்று மத்தியானம் அவன் தனியாக எழுதிய ஒன்றைக் கொண்டுவந்தான். நம்பாத பூசாரி. இவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இவன் ஜெபித்தால் மற்றவர்களின் காயம் ஆறும். உண்மை தெரிந்தவருக்கு மட்டும் ஆறாது.

நல்ல விதி. அதுதான் இன்னும் அதிகமாக வலிக்கிறது. எனக்கு நம்பிக்கை போய்விட்டதை மணிமுத்தாற்றில் வைத்து அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“எங்கனலே புடிச்ச இவன?” என்று ஆட வந்த ஒருவன் கேட்டான்.

“இந்தா இருக்காம்லா, சர்ச் கொயர்ல மொத வரிசைல பாடுதவன்!” ஜெபா என் முதுகில் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை எஸ்தர் சிரிக்கவில்லை. அவளும் அங்கே உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியும்.

பைக்கில் திரும்பும்போது கேட்டாள்.

“அண்ணே, அம்மா ஆஸ்பத்திரில கெடக்கும்போது தலையில கைவச்சு ஜெபம் பண்ணுனியே. அதும் சும்மாவா?”

“ஏட்டி, அது வெளாட்டு,” என்றேன்.

ராத்திரி குடும்ப ஜெபத்தை வழக்கம்போல் நான்தான் நடத்தினேன். முடித்தபோது ஆமென் என்று அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.