தக்காளிக்கு ஒரு விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

மழை. ரோசி இன்றும் பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். காலிப் பெட்டியை எதற்கு இத்தனை தடவை துடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

போன மாதத்தோடு அவள் தேயிலை எஸ்டேட் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனாள். எனக்கு ஃபாக்டரியில் எலக்ட்ரீசியன் வேலை இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை எஸ்டேட் தந்த இந்த லயத்து வீடு எங்களுக்குத்தான். ஆனால் அவள் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் மகன் ரிஜின் வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள். "இத்தன வருசம் மழையில நின்னு கொழுந்து கிள்ளியாச்சு. இனி வீட்டுக்குள்ள ஒக்காந்து அதே மழையப் பாக்கணுமாக்கும்? நீங்க கேன்டீன்ல சாப்பிடுங்க."

அங்கே வெயில் அடிக்கிறதாம். பாலக்காட்டு வெயிலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 5, வியாழன்

பந்தயம் ஆகிவிட்டது. என் வாய்தான் காரணம்.

"இந்த வீட்டுல ஒரு தக்காளியாவது பழுக்குமா? அப்படி ஒரு இருட்டு" என்றாள். பழுக்கும் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. ஓணம் லீவுக்கு ரிஜின் வாரதுக்குள்ள இந்த அடுப்படியில ஒரு தக்காளி செடியிலயே பழுத்துட்டா நா இங்கனயே கெடக்கேன். பழுக்கலன்னா அவன் கார்லயே போயிருவேன்."

பக்கத்து வீட்டு ஜிஸ்மி சர்க்கரை வாங்க வந்தவள், சாட்சியாகிவிட்டாள். ரிஜின் வருவது செப்டம்பர் நாலாம் தேதி.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் மூணாறு டவுனுக்குப் போனேன். மொபைல் கடை ஷைஜு, செடிக்கு விளக்கு செய்ய நான் கேட்ட எல்.இ.டி.களையும் அவற்றை ஒட்டுகிற அலுமினியத் தகட்டையும் முன்பே வரவழைத்து வைத்திருந்தான். எல்.இ.டி.க்குக் கரண்டை அளந்து விடுகிற டிரைவர் பெட்டி, பழைய தெருவிளக்கிலிருந்து கழற்றியது, என்னிடம் இருக்கிறது. தக்காளி நாற்று போடி ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டது. நாலு.

கூடவே லென்ஸ். பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு எல்.இ.டி. தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்து, நாலாபுறமும் சிதறுகிற வெளிச்சத்தைக் கூட்டிச் செடிமேல் மட்டும் இறக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. வெளிச்சத்தை வீணாக்கினால் எனக்கு ஆகாது. ரோசி ஒரு அறையை விட்டு வெளியே வருவதற்குள் நான் அங்கே லைட்டை அணைத்துவிடுவேன் என்று ரிஜினிடம் புகார் சொல்வாள். அவள் மெதுவாக நடந்தால் நான் என்ன செய்ய?

ஜூன் 15, ஞாயிறு

விளக்கு எரிகிறது. சிவப்பும் நீலமும் கலந்து அடுப்படி முழுக்க நாவல்பழ நிறம்.

ரோசி: "கொழம்பு கறுப்பாத் தெரியுது. கருகிட்டா, இல்ல ஒங்க லைட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்க?" ஜன்னல் வழியாக வெளியே மூடுபனியும் அதே நிறத்தில் நின்றது. ஜிஸ்மி ஓடிவந்து, "அண்ணே, எக்ஸைஸ்காரன் பாத்தா கஞ்சான்னு நெனைப்பான்" என்றாள். தக்காளி என்றேன். "அத அவன் வந்தப்பறம்தான சொல்லுவீங்க?"

ஷைஜுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. வாங்கினேன். செடிக்கு அதுவே போதுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

வெளிச்சம் அளக்கும் ஆப்பை போனில் ஏற்றினேன். லென்ஸ் மாட்டியதும் நடுவில் எண் எங்கேயோ ஏறிப்போய்விட்டது. ரோசியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போனுக்கு நல்லாருக்கு. செடிக்கு?"

ஜூலை 2, புதன்

லென்ஸ் மாட்டிய இரண்டாம் நாளே நடுவில் இருந்த செடி உச்சியிலிருந்து வெளுத்துவிட்டது. சுற்றியுள்ள மூன்றும் இருட்டில் நின்று, நடுவை எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுகின்றன.

ஷைஜு சிரித்தான். "அண்ணா, அது ஒசரத்துல தூக்கிக் கட்டறதுக்கான லென்ஸ் ஆக்கும். ஒரு முழத்துல வெச்சா செடி வேகும்."

உயரத்தில் கட்டினேன். கூரையடியில் விறகடுப்புப் புகை. நாலே நாளில் லென்ஸ் எல்லாம் கரி. எல்லாவற்றையும் கழற்றி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்துவிட்டு, விளக்கைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். லென்ஸ் போனதும் வெளிச்சம் கண்ட இடத்துக்கும் போகிறது. அதைத் திருப்பிச் செடிக்கே அனுப்ப ரிஃப்ளெக்டர் வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

தேயிலைச் சாக்கின் உள்பக்கம் பளபளவென்று ஃபாயில் இருக்கும். ஃபாக்டரியில் கிழிந்த சாக்குக்குப் பஞ்சமில்லை. உரித்து, மைதாப் பசையில் அட்டைமேல் ஒட்டினேன். அடுப்படியெங்கும் டஸ்ட் டீ வாசம். ரோசிக்குத் தும்மல் நிற்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஈரத்தில் பசை விட்டுப்போய் அட்டை செடிகள்மேல் விழுந்தது. ஒன்று ஒடிந்தது. மிச்சப் பசையைக் கரப்பான் தின்றுவிட்டது. வெளுத்த செடியும் நேற்றே போயாச்சு. ஆக மிச்சம் இரண்டு.

ஜூலை 13, ஞாயிறு

நான் செய்தது இதுதான். அலமாரியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. பெரியது, கண்ணாடி மாதிரி. ஓரத்தில் ஒரே ஒரு துளை போட்டு விளக்குக்கு மேல் கட்டினேன். இதுவரை வராத எண் வந்தது ஆப்பில்.

ரோசி கோயிலில் பெண்கள் கூட்டம் முடிந்து வந்தாள். மேலே பார்த்தாள்.

அவளோடு கொழுந்து கிள்ளிய பெண்களெல்லாம் சேர்ந்து அவள் ரிட்டயர் ஆன அன்றைக்குக் கொடுத்த தாம்பாளம். அவள் பெயர் வெட்டியது. அதில் இதுவரை ஒரு பழம்கூட அவள் வைத்ததில்லை.

"ட்ரில் போட்டிருக்கியளா?" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. தாம்பாளத்தை அவிழ்த்து, கழுவி, ஒரு சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டிக்குள் போன முதல் சாமான்.

என்ன மனுசன்டா நீ. வீட்டுல தட்டே இல்லையா? கேட்டிருந்தா வேற தந்திருப்பாளே — கேக்கணும்னு ஏன் தோணல?

ஜூலை 14, திங்கள்

பேசவில்லை. கஞ்சி வைத்துவிட்டு ஜிஸ்மி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

பிளைவுட் பலகை நாலு வெட்டி, உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட் அடித்து, செடிகளைச் சுற்றிப் பெட்டி மாதிரி நிறுத்தினேன். ஃபாயிலைவிட, லென்ஸைவிட இதுதான் சரி. நடுவிலும் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே எண். பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அடுப்படி மறுபடி இருட்டு.

பூ வந்திருக்கிறது. உள்ளே தேனீ வராது என்பதால் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பூவைத் தட்டிவிட வேண்டும். என் பிரஷ்தான். அந்தத் தப்பை இரண்டாம் தடவை செய்ய மாட்டேன்.

ஜூலை 31, வியாழன்

ஒரு செடியில் மூன்று காய். சுண்டைக்காய் அளவு. ரோசியிடம் சொன்னேன். "ம்" என்றாள். 'ம்' வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முன்பலகை ஈரத்தில் உப்பிவிட்டது. கழற்றி அடுப்போரம் காய வைத்தேன். அந்தப் பக்கமாக வெளிச்சம் அடுப்படி முழுக்கக் கொட்டியது.

ரோசி அரிசி முறத்தோடு வந்தாள். ஸ்டூலை இழுத்து வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தாள். கல் பொறுக்கி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஜிஸ்மி பீன்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் யாருடைய மாமியாரைப் பற்றியோ பேசிச் சிரித்தார்கள். ரோசி சிரித்துக் கேட்டு மாதங்கள் ஆகின்றன.

இந்த அடுப்படிக்கு எப்போதும் ஒரே ஒரு ஒன்பது வாட் பல்பு. மாட்டியது நான். இன்னும் பெரிசாக ஒன்று போட இந்த வீட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நான்தான் தடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பலகை காய்ந்துவிட்டது. மாட்டப் போனேன். ரோசி ஸ்டூலில் இருந்தாள், காலை நீட்டி.

"அங்கனயே சாத்தி வையுங்க. இப்பந்தான் கண்ணு தெரியுது."

ஆப்பை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் திறந்திருந்தால் செடிக்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இந்தக் குளிரில் அந்த வெளிச்சமும் போனால் காய் ஓணத்துக்குள் பழுக்காது. அவள் போய்விடுவாள். மாட்டினால் அவள் மறுபடி இருட்டில்.

பலகையைச் சுவரில் சாத்தினேன். நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்.

பெரிய பல்பு ஒன்று வாங்கிவந்து கூரையில் போட்டும் பார்த்தேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது கண்ணக் கூசுது, இது போதும்" என்று ஸ்டூலைச் செடிப் பக்கமே போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாட்டவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாட்டவில்லை. சாயங்காலமானால் நாலு பெண்கள் வருகிறார்கள். என் ஸ்டூல், என் நாற்காலி, என் டூல் பெட்டி எல்லாவற்றிலும் ஆள். நான் வாசலில் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காய் முழு அளவுக்கு வந்துவிட்டது. பச்சை.

"எப்பம் பழுக்கும்?" என்றாள்.

"ஓணம் கழிஞ்சு."

"பலகைய வச்சிருந்தா?"

"முன்னாடியே பழுத்திருக்கும்."

செடியைப் பார்த்தாள், சுவரில் சாத்திய பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வெங்காயம் உரித்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோயிலில் எதற்கு ஜெபிப்பது என்று தெரியவில்லை. தக்காளிக்காக ஜெபிப்பதை எந்தப் போதகரும் சொல்லித்தரவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவளிடம் இதைச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, புதன்

மூன்றும் பச்சை. ரோசி சாயங்காலம் டவுனுக்குப் போய் வந்தாள். ஓணத்துக்குச் சாமான் என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ரிஜினும் மருமகள் நிமியும் பத்து மணிக்கு வந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் ஜிஸ்மி சாட்சியாக ஆஜர். ரோசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எரிகிற அடுப்பை.

செடியில் ஒரு தக்காளி சிவப்பாகத் தொங்கியது.

என் காய் மூன்றும் உருண்டை, மடிப்பு விழுந்த நாட்டுக் காய். மூன்றும் அதே இடத்தில் பச்சையாக இருக்கின்றன. இது நாலாவது. நீளமாக, வழவழவென்று, கடையில் கூடை கூடையாக விற்கிற வகை.

ரிஜின் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது..." என்றான். நிமி அவன் முழங்கையில் இடித்தாள். ஜிஸ்மி கூரையைப் பார்த்துக்கொண்டே, "பழுத்திருக்கு. நா சாட்சி" என்றாள்.

"பழுத்துட்டுல்லா" என்றாள் ரோசி, அடுப்பிடம். "பேச்சுன்னா பேச்சுதான். நா வரல, ரிஜின். நீங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க."

நான் ரிஜினின் பையை உள்ளே எடுத்து வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது ரோசிக்குத் தெரியாது. தைக்கிற வெள்ளை நூலில் காம்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். முடிச்சு தளர்ந்திருந்தது. ரிஜின் காரை நிறுத்துவதற்குள் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.