ஊற்றுக்குப் போட்ட வேலி

மதிப்பிற்குரிய இன்ஜினியர் அவர்களுக்கு,

மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதுவது. நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கும் நலம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தொண்டு சங்கத்தின் ஆண்டு மலருக்காக, குழாயடியில் குடத்தோடு சிரித்தபடி நிற்கும் எங்கள் பெண்களின் படமும், நன்றியாக நான்கு வரியும் கேட்டிருந்தீர்கள். நன்றி எங்களுக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதற்கு முன்னால் எங்கள் மலை ஜனங்களுக்கு ஓடைத் தண்ணீர்தான். மேலே தோட்டத்தில் மருந்தடித்தால் கீழே எங்கள் பிள்ளைகள் சுருண்டு விழும். பாறை இடுக்கு ஊற்றுக்குத் தொட்டி கட்டி, நீங்கள் குழாய் இறக்கிய பிறகு அங்கே ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் புதைக்கவில்லை. எங்களோடு நீங்களும் மண் சுமந்தீர்கள். உள்ளங்கை கொப்புளித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டீர்கள். அதைச் சொல்லி எங்கள் பெண்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

படம்தான் அனுப்ப முடியாது. அந்தக் குழாயடி இப்போது வேலிக்கு உள்ளே இருக்கிறது.

முன்பே இரண்டு முறை எழுதினேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். குழாய் ஏற்றிய லாரி மேலே வருவதற்காக எல்லோரும் சேர்ந்து ஒரு பாதை வெட்டினோமே, நீங்கள் போன மறு வருஷம் அதே பாதையில் ஒரு ஜீப் வந்தது. சட்டை மடிப்புக் கலையாத இருவர் இறங்கி, ஊற்றுத் தண்ணீரைச் சின்ன பாட்டில்களில் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் ஆட்கள் என்று நினைத்து அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் தண்ணீர்க் கம்பெனிக்காரர்கள். பின்னால் போலீசோடு அதிகாரி வந்தார். இந்த இடத்தில் எக்காலத்திலும் யாரும் குடியிருந்ததில்லை என்று ஆணையை வாசித்தார். எரிந்துகொண்டிருந்த எங்கள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டுதான் வாசித்தார்.

இப்போது நெடுஞ்சாலை ஓரம் தகரக் கூரை வீடுகளில் இருக்கிறோம். தண்ணீர் லாரியில் வருகிறது. டிரைவருக்கு எங்கள் ஜனங்கள் கொடுக்கும் வரவேற்பைப் பார்த்தால் மந்திரிக்கே பொறாமை வரும். குடத்தைத் திறந்தால் துரு நாற்றம். காய்ச்சிக் குடிக்கலாமென்றால் விறகுக்குக் காட்டுக்குள் போகக் கூடாது. தெருமுனைக் கடையில் எங்கள் ஊற்று பாட்டிலில் விற்கிறது. பாட்டிலின் மேல் தலையில் பூ வைத்த மலைப்பெண் ஒருத்தி சிரிக்கிறாள். எங்களில் யாரும் அப்படிப் பூ வைப்பதில்லை.

தங்கையின் கைக்குழந்தை போன மாதம் வாந்தியும் போக்குமாய் ஓய்ந்துபோனது. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கக்கூடத் தெரியாதா என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைத்தான் திட்டினாள்.

குழந்தையைப் புதைத்த மறுநாள் அண்ணன் மலையேறிப் போய் வேலிக் கம்பியை அறுத்தார். ஒரு குடம் பிடித்துக்கொண்டு இறங்கி வரும்போது மடக்கிவிட்டார்கள். திருட்டு வழக்கு. திருடிய பொருள் தண்ணீர்.

சிறைக்குப் போய்ப் பார்த்தேன். பாதி ஆளாகிவிட்டார். ஆனாலும் எனக்கு அவர் ஆறுதல் சொல்கிறார். எங்கள் வீட்டில் நீங்கள் தங்கியிருந்த நாளிலிருந்தே உங்களை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அப்போதெல்லாம் நான் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவேன். இப்போது சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் சொன்னார்: "கவலைப்படாத. மாப்பிள்ளை நம்ம வீட்ல தங்கி, நம்ம கையால சாப்பிட்டவரு. இவங்க அந்த மலையிலதான் இருந்தாங்கன்னு அவரு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நம்ம சொல்லு அம்பலம் ஏறாது. அவரு சொல்லு ஏறும்."

உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் சங்கத்துக்கு இப்போது அந்தத் தண்ணீர்க் கம்பெனிதான் பணம் கொடுக்கிறது என்று அண்ணனின் வக்கீல் சொன்னார், அதையும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் இதை எழுதி முடிக்க முடியும்.

அடுத்த மாதம் முதல் வாரம் விசாரணை. சங்கத்தின் சார்பில் வர வேண்டாம். படம் பிடிக்க ஆட்களைக் கூட்டி வரவும் வேண்டாம். தனியாக வாருங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். வர இயலாதென்றால் அண்ணனுக்கு நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். என் வாயால் அதைச் சொல்ல வைக்காதீர்கள்.

நீங்கள் குடிபோகும் வீட்டில் குழாயைத் திறந்தால் எப்போதும் நல்ல தண்ணீர் வரட்டும். உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் அதைக் குடித்து, நோய் நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
டீச்சர்