நாவலில் குரைத்தவர்

9 மார்ச் 1954, இபாதான், நைஜீரியா
விடுதியில் இன்றும் அவித்த பயறுதான். இலக்கிய வகுப்புக்குப் புது நாவல் வந்திருக்கிறது. எழுதிய வெள்ளைக்காரர் முன்பு எங்கள் ஊரில் மாவட்ட அதிகாரி. அப்பாதான் அவருடைய கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தெரிந்தால் தெருவையே கூட்டிவிடுவார்.

12 மார்ச்
கதையில் அதிகாரியின் பின்னால் ஒருவன் வருகிறான். இடது காது மடல் கிழிந்தவன். பெயர் இல்லை. பேச்சும் இல்லை. ‘குரைத்தான்’ என்று எழுதியிருக்கிறார்.
அது அப்பாவின் காது.
தப்பாகப் படித்துவிட்டேனா? திரும்பப் படித்தேன். குரைத்தான் என்றுதான் இருக்கிறது. இரண்டு மொழி பேசிப் பிழைத்த மனுஷன், குரைச்சாரா?

13 மார்ச்
சோறு இறங்கவில்லை.

16 மார்ச்
விரிவுரையாளர் நடையழகைப் புகழ்ந்தார். அந்தப் பக்கம் வந்ததும் பின் வரிசையிலிருந்து எஃபியோங் குரைத்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது. வெள்ளைக்காரர் என்று அறையில் விரிவுரையாளர் ஒருவர்தான். சிரித்த அத்தனை பேரும் எங்கள் பிள்ளைகள். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் நாம்?
அந்த ஆள் ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டேன். அவன் வெறும் பின்னணி, இது ஒரு வெள்ளை மனதின் தனிமையைச் சொல்லும் கதை என்றார்.
வெளியே வந்து எஃபியோங்கிடம் சொன்னேன்: “அது எங்கப்பாடா.”
விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

17 ஏப்ரல், ஊரில்
ஈஸ்டர் விடுமுறை. நாவல் விஷயம் எனக்கு முன்னே வந்து சேர்ந்திருக்கிறது. முற்றம் நிறையக் கூட்டம், பனங்கள், வறுத்த கிழங்கு.
“வேண்டாம்பா. அது நல்லாயில்ல.”
“நல்லதோ கெட்டதோ, நீ படி. நான் நம்ம பாஷையில சொல்றேன். கோர்ட்டுல ஒரு வார்த்தை நான் கூட்டினதும் இல்ல, குறைச்சதும் இல்ல.”
படித்தேன். அப்பா எழுந்து நின்று, கோர்ட்டில் பேசும் அதே குரலில், வரி வரியாகச் சொன்னார். குரைத்ததையும் சொன்னார். அதிகாரி காய்ச்சலில் கிடந்தபோது, அவர் சாவதற்காக ஒரு விலங்கு கட்டிலைச் சுற்றிக் காத்திருந்ததாம் — அதையும் சொன்னார். எவ்வளவு அழகான இக்போ மொழி. ஒரு சொல் பிசகவில்லை.
பக்கத்து வீட்டு ஒனூரா சிரித்துக்கொண்டே கேட்டார்: “யாருப்பா அந்த விலங்கு?”
“நான்தான்.”
கள்ளுக் குடுவையை யாரோ மெதுவாகக் கீழே வைத்தார்கள்.
அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “அந்தக் காய்ச்சல்ல அவன் எடுத்த வாந்தியை அள்ளினவ நான். என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?”
ஒன்றுமே எழுதவில்லை என்று எப்படிச் சொல்வேன்.
“அடுத்த பக்கம் படிம்மா,” என்றார் அப்பா என்னிடம்.
ஐயோ, என்னால முடியல. அவர் விடல.

18 ஏப்ரல்
ஈஸ்டர் பூசைக்கு அப்பா வரவில்லை. கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றார்.

4 மே, இபாதான்
மறுபடி அதே நாவல். விரிவுரையாளர் புத்தகத்தைத் திறந்ததும் எஃபியோங் எழுந்தான். குரைத்தவரின் பெயர் என்ன சார் என்று கேட்டான். அவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னே, பின்னே, மறுபடி முன்னே. ஒருவரும் சிரிக்கவில்லை. நாவலாசிரியர் பெயர் கொடுக்கவில்லை என்றார் கடைசியில்.
நான் எழுந்தேன். “மதுகா ஒராலு.”
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.