டூர் முடிந்ததும் சொல்லலாம்

பிப்ரவரி 18, செவ்வாய்

கிளினிக்கில் மதியம் ஒரு மணி நேரம் சும்மா. டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார். காலையில் பதினோரு பேருக்கு நேரம் கொடுத்திருந்தேன், இரண்டு பேர் வரவில்லை. பல் டாக்டரிடம் வராமல் நழுவுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை தேதி மாற்றினால் நிஜமாகவே வேலை இருக்கிறது. மூன்றாவது முறை மாற்றினால் பயம். ஒன்பது வருஷமாக இந்த மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

வீட்டு விஷயம். தீம் பார்க் டூர் முடிவாகிவிட்டது. ஏப்ரல் 11, 12, சனி ஞாயிறு. நாலு டிக்கெட், பார்க் வளாகத்திலேயே ஒரு ரூம். நேற்று எல்லாவற்றையும் பதிவு செய்தவள் பெரியவள். பதிமூன்று வயதிலேயே எங்கள் வீட்டின் ஆன்லைன் இலாகா அவள் கையில், அதனால் மேனேஜர் என்று பெயர். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். சின்னவனுக்கு ஏழு வயது, பெயர் வாலு, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

13ஆம் தேதி திங்கள் சாயங்காலம் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது. அம்மாவும் அப்பாவும் இனி தனித்தனி வீட்டில் இருக்கப்போகிறோம் என்று. அவர் வேலை செய்யும் டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே ஒரு ரூம் காலியாக இருக்கிறது. மாதக் கடைசியில் அங்கே போய்விடுவார். இன்று காலை சமையலறையில், டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டோம்.

"டூர் முடியட்டும். முடிஞ்சதும் சொல்லிடலாம்" என்றார்.

"சரி. ஒரு தடவை சந்தோஷமா போயிட்டு வரட்டும்" என்றேன்.

பதினைந்து வருஷத்தில் நாங்கள் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? குடிப்பாரா? இல்லை. கை நீட்டுவாரா? இல்லை. வேறு யாராவது? அவருக்கு அதற்கெல்லாம் சுறுசுறுப்பு போதாது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் போடுவது அவர் தொழில். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அப்படித்தான். மாலை வகுப்பில் சேரட்டுமா என்றேன்: "இப்ப எதுக்கு?" கொஞ்சம் பெரிய வீடாகப் பார்ப்போமா என்றேன்: "இப்ப எதுக்கு?" கடைசியில் நான் எதையும் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டேன். அவரிடமும் என்னைப் பற்றி ஒரு பட்டியல் இருக்கும். நியாயமான பட்டியலாகவே இருக்கும்.

மார்ச் 16, திங்கள்

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பார்க்கும் இரண்டு வாரத்துக்கு மூடல் என்று மெயில் வந்திருக்கிறதாம். ஏப்ரலுக்குள் சரியாகிவிடும் என்கிறார்கள். வாலு பெட்டியில் இரண்டு ஜட்டியும் ஒரு டார்ச் லைட்டும் எடுத்து வைத்துவிட்டான்.

மார்ச் 27, வெள்ளி

எல்லாம் மூடியாயிற்று. கிளினிக், டிரைவிங் ஸ்கூல், பார்க். வீட்டிலிருந்தே ஒவ்வொருவராகப் போன் போட்டுத் தேதி மாற்றுகிறேன். "தள்ளிப்போடறோம்னு சொல்லாதீங்க, மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க" என்பது டாக்டரின் உத்தரவு. அவர் சொல்வதும் சரிதான். பல் வலிக்கிறவனிடம் தள்ளிப்போடுகிறோம் என்றால் வலி இன்னும் கூடும்.

சாப்பாட்டு மேசையில் மேனேஜர் கேட்டாள். "பார்க்ல இருந்து கேக்கறாங்க. தேதி மாத்தணுமா, இல்ல கேன்சல் பண்ணணுமா?"

"மாத்திடு" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.

ஜூலை 18. அப்படியானால் சொல்வது ஜூலை 20 திங்கள்.

ஏப்ரல் 11, சனி

இன்று அங்கே இருந்திருக்க வேண்டும். வாலு ஹாலிலேயே பார்க்கைத் திறந்துவிட்டான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வாசல் வைத்தான். கதவில் துடைப்பத்தைச் சாய்த்து, இந்த உயரம் இல்லாதவர்கள் ஏறக்கூடாது என்றான். ராட்டினம் என்பது துணிக்கூடை. அதில் அவன் உட்கார, அவர் இழுத்துக்கொண்டு ஹாலைச் சுற்றினார். பதினோரு சுற்று. முடிந்ததும் தரையில் மல்லாந்து, "இன்ஜின் சூடாயிடுச்சுடா" என்றார்.

அந்த நேரத்துக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை எழுதி வைப்பதில் தப்பில்லை.

மே 19, செவ்வாய்

அவர் ஹாலில் மெத்தை போட்டுக்கொள்கிறார். காரணம்: முதுகு வலி. பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று எழுத வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது. வாலு தினமும் காலையில் முதுகை அமுக்கிவிடுகிறான். மேனேஜர் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கு ஆன்லைன் வகுப்பே தலைக்கு மேல் இருக்கிறது.

நாலு பேர், ஒரு பாத்ரூம். பிரியப்போகிற எந்த இரண்டு பேரும் இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 22, திங்கள்

பார்க் ஜூலையிலும் இல்லை. நவம்பர் 7 என்று மாற்றியாயிற்று. கிளினிக்கை அவசரக் கேஸ்களுக்கு மட்டும் திறந்திருக்கிறோம். அவருக்கு இன்னும் வேலை இல்லை. ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு யாருக்கும் கார் ஓட்டச் சொல்லித்தர முடியாது.

டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே உள்ள ரூமை அவருக்காகவே வைத்திருப்பதாக முதலாளி சொன்னாராம். "இப்போதே போய்விடுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று நானும் சொல்லவில்லை. போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. டூர் முடிந்தால்தானே.

அக்டோபர் 12, திங்கள்

"மறுபடியும் மாத்திட்டாங்கம்மா" என்றாள் மேனேஜர், கண்ணை ஃபோனிலிருந்து எடுக்காமல். "ஜனவரி இருபத்தி மூணு."

"சரி விடு, அவங்க என்ன பண்ணுவாங்க" என்றேன்.

டிசம்பர் 14, திங்கள்

ஏப்ரல் 10க்குப் போய்விட்டதாம். அவர் "பரவாயில்லை" என்றார். எனக்கும் ஒரு நிம்மதி. ஏன் நிம்மதி? அவர் கூடவே இருக்க வேண்டும் என்றா? இல்லை. அது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பின்னே?

ஜனவரி 20, புதன்

இன்று காலை ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்தாள். முன்பல் பாதி உடைந்திருந்தது. கார்டு எழுத வேண்டுமே, எப்படி அடிபட்டது என்று கேட்டேன்.

"தீம் பார்க்ல ஓடி விழுந்துட்டான். போன ஞாயித்துக்கிழமை."

"பார்க் மூடியிருக்கே?"

"செப்டம்பர் கடைசியிலேயே தொறந்துட்டாங்களே. பாதிப் பேரைத்தான் உள்ள விடறாங்க, அவ்வளவுதான். கூட்டமே இல்ல."

எங்கள் பார்க்தான். பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் குடும்ப மெயிலைத் திறந்தேன். நாங்கள் யாரும் திறப்பதே இல்லை, மேனேஜர் இருக்கிறாளே. ஏப்ரலும் ஜூலையும் பார்க் மூடியதால் மாறியவை. நவம்பரும் ஜனவரியும் அப்படி இல்லை. 'உங்கள் வேண்டுகோளின்படி' என்று இருந்தது. நாங்கள் திறந்துவிட்டோம், வாருங்கள் என்ற மெயில்கள் ஐந்தாறு குப்பைக்குப் போயிருந்தன. காரணம் எழுதும் இடத்தில் ஒரு தடவை 'வீட்டில் ஒருவருக்கு முதுகு வலி' என்று எழுதியிருக்கிறாள். இன்னொரு தடவை 'அம்மா அப்பாவுக்கு நேரம் ஒத்துவரவில்லை.'

இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 21, வியாழன்

பெட்ஷீட் மடிக்க அவளைக் கூப்பிட்டேன். ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம். ஓட முடியாது.

"மெயில் பாத்தேன்" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள்.

"அன்னைக்குக் காலைல பல்லு தேச்சுட்டு இருந்தேம்மா. நீங்க சமையலறையில பேசினது கேட்டுச்சு."

"என்னைக்கு?"

"டூர் புக் பண்ணின மறுநாள்."

பதினோரு மாதம். அத்தனை நாளும் தெரிந்துதான் முதுகு வலிக்குத் தைலம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

"டூர் போனாத்தானே சொல்லுவீங்க. போகலைன்னா சொல்ல மாட்டீங்க இல்ல?" என்றாள். "முதல்ல நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா மாறிச்சு. அப்புறம் தொறந்துட்டாங்க. என்ன பண்றதுன்னு தெரியல."

"தம்பிக்கு?"

"அவனுக்கு டூர்னா டூர்தான்."

வெட்கமாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. கசப்பு மருந்துக்கு மேலே சர்க்கரை தடவுவதாக நினைத்துக்கொண்டோம். அவளுக்குச் சர்க்கரையையே கசப்பாக்கிவிட்டோம். தம்பி பெட்டியைத் திறந்து டார்ச் லைட் எரிகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் இவள் என்ன நினைத்திருப்பாள்? கேட்டிருந்தால் — எங்களில் ஒருத்தர் கேட்டிருந்தால் — பார்க்குக்கு ஒரு போன் போட எனக்குக் கையில்லையா? ஊரில் இருக்கிற பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவள் நான். ஒவ்வொரு தடவை தேதி தள்ளிப்போனபோதும் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டேனே. அது பயம் இல்லாமல் வேறென்ன?

பயந்தது அவள் மட்டும் இல்லை. அவளாவது ஏதோ செய்தாள்.

ஜனவரி 22, வெள்ளி

அவரிடம் சொன்னேன். பால்கனியில் காலணி துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலணியைத் துடைத்து முடித்தார்.

"அப்ப இத்தனை நாளா பிரேக் அவ கால்லதான் இருந்திருக்கு" என்றார்.

இன்னொரு காலணியை எடுத்தார், துடைக்காமலே வைத்துவிட்டார். "எனக்குப் போன மாசமே தெரியும். பார்க் தொறந்திருக்குன்னு. கார் கத்துக்க வர்ற பையன் ஒருத்தன் சொன்னான்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏதோ யோசிச்சு மாத்தறேன்னு நினைச்சேன்."

இதுதான் எங்கள் கல்யாணம். வேறு யாருக்கும் விளக்க வேண்டுமென்றால் இந்த ஒரு வரி போதும்.

ஜனவரி 24, ஞாயிறு

காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேசையில், இருவரிடமும் சொன்னோம். அவர் ஆரம்பித்தார். நான்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒத்திகை பார்த்தவர்போல் இல்லாமல், திக்கித் திணறி, ஆனால் பாதியில் நிறுத்தாமல் சொன்னார். யார்மேலும் தப்பில்லை, நடந்து போகிற தூரம்தான், புதன்கிழமையும் சனி ஞாயிறும் அவரிடம் வரலாம்.

வாலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப டூர் கேன்சலா?" என்றான்.

"இல்லடா. அது வேற, இது வேற" என்றார்.

பிறகுதான் அவன் அழுதான். அது வேறு, இது வேறு என்று புரிந்ததும்.

மேனேஜர் அழவில்லை. தம்பியை மடியில் இழுத்துக்கொண்டு, "நான் மாத்தாம இருந்திருந்தா நவம்பர்லயே சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். இனி அவளிடம் பொய் சொல்ல முடியாது.

"அப்ப கொரோனா ஏழு மாசம் குடுத்துச்சு. நான் ரெண்டரை மாசம்தான்" என்றாள்.

எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரொம்ப நேரம் இல்லை, வெளியே ஆள் காத்திருந்தது.

மத்தியானம் அவர் மேனேஜரிடமிருந்து ஃபோனை வாங்கி, தேதியைத் தானே மாற்றினார். ஏப்ரல் 10 போய் மார்ச் 20. முதல் தடவையாகத் தேதி முன்னால் வந்தது.

பிப்ரவரி 13, சனி

அவர் போய்விட்டார். ஒரு சூட்கேஸ், ஹால் மெத்தை, சவர சாமான். பிள்ளைகள் கூடப் போய் ரூமைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி என்றான் வாலு. ஜன்னலில் திரை இல்லை, நம்மிடம் இருக்கிற பழைய பச்சைத் திரை சரியாக இருக்கும் என்றாள் மேனேஜர். எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24, புதன்

மாலை வகுப்புக்கு விண்ணப்பம் போட்டேன். இப்ப எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குரலை எதிர்பார்த்து ஒரு நிமிஷம் நின்றது உண்மை.

மார்ச் 21, ஞாயிறு

போய்விட்டு வந்தோம்.

அவர் பயிற்சிக் காரை எடுத்து வந்திருந்தார், தலையில் டிரைவிங் ஸ்கூல் போர்டோடு. வழியெல்லாம் மற்ற வண்டிகள் எங்களைக் கண்டு ஒதுங்கின. பார்க்கில் ஒரு ரூமை இரண்டாக மாற்றியிருந்தார். அம்மாவும் மகளும் ஒன்றில், அப்பாவும் மகனும் ஒன்றில். வாலு டார்ச் லைட்டை எங்கேயும் பயன்படுத்தவில்லை, கையிலேயே வைத்திருந்தான்.

கூட்டம் இல்லை. பல் உடைந்த பையனின் அம்மா சொன்னது சரி. பெரிய ரோலர் கோஸ்டருக்கு வாலுவின் உயரம் போதவில்லை. குகைக்குள் போகிற சின்ன ரயிலுக்குப் போனோம். ஒரு பெட்டியில் நாலு பேர் உட்காரலாம். வாசலில் முகக்கவசம் போட்ட ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இருபது வயது இருக்கும். காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்த குரல்.

"ஒரே வீட்டுல இருக்கறவங்கதான் ஒரு பெட்டியில உட்காரலாம். நீங்க நாலு பேரும் ஒரே வீடா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் அவரும் திறந்துவிட்டார், அவர் மூச்சு இழுத்தது கேட்டது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"இல்லைங்க. ரெண்டு வீடு" என்றாள் மேனேஜர்.

அந்தப் பெண் எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்து, "அப்ப ரெண்டு பெட்டி எடுத்துக்கங்க" என்றாள்.

"அப்பாவும் தம்பியும் முன்னாடி. நானும் அம்மாவும் பின்னாடி. அடுத்த தடவை மாத்தி உட்காரலாம்" என்று மேனேஜரே பிரித்துக் கொடுத்தாள். அவள் சொன்னபடி உட்கார்ந்தோம். ஆறு தடவை ஏறினோம்.