உன் வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர் கையில்

சிங்கப்பெருமாள் கோயில்,
டிசம்பர் 3, புதன்கிழமை.

அன்புள்ள ஆல்வின் அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்து, நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள், ஆனால் இந்த முறை நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொன்னால் நம்ப மாட்டாளாம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இதில் நான் என்று வருவதெல்லாம் சிநேகாதான், அம்மா சொன்னதை அம்மா சொன்னாள் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் எழுத்துப் பிழையெல்லாம் அவள் தலையில் விழும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். வேலையைப் பற்றி அம்மா வாயைத் திறந்தாலே உனக்கு நெட் போய்விடுகிறது. ஸ்லோவாக்கியாவில் நெட் இவ்வளவு மோசமா என்று மூன்று வாரமாக அவளுக்குச் சந்தேகம். காகிதம் அப்படி நடுவில் கட் ஆகாது. இதையும் மாங்காய் ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் உன்னிடம் கொடுக்கிறவர் காயத்ரி மேடம், எங்கள் கம்பெனியில் புதிதாகத் திறந்திருக்கும் டிராயிங் ஆபீசில் என்ஜினியர். அவர் அங்கே மூன்று மாதம் எதற்கு வருகிறார் என்பது எங்களுக்கு முன்பே உனக்குத் தெரியும். நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருந்தோம், ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று மேடம் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார், அதற்கும் சேர்த்து அம்மா அவர்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தாள்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. நீ படித்த காலேஜில் மெக்கானிக்கல் என்றிருந்த போர்டுக்கு வெள்ளையடித்து ஏ.ஐ. என்று எழுதிவிட்டார்கள், உள்ளே வாத்தியார்கள் மட்டும் அதே ஆட்களாம். சொன்னது உன் பெஞ்சில் உட்கார்ந்த பிரவின்குமார் அண்ணன். அவர் இப்போது பகலில் சாப்பாடு டெலிவரி, சாயங்காலம் செங்கல்பட்டில் ஜெர்மன் கிளாஸ். பி.இ.யை நம்பி யாரும் கூப்பிடவில்லை, ஜெர்மன் தெரிந்தால் அங்கே லாரி ஓட்டவாவது கூப்பிடுவார்கள் என்கிறார். காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டைச் செய்கிற என் லைனில் பன்னிரண்டு பெண்கள், அதில் நான்கு பேர் பி.இ. பத்தாவதோடு நின்ற நானும் அவர்களும் ஒரே போர்டில் ஒரே ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நான் படிப்பை நிறுத்தியபோது நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வரச் சொல்கிறாள் அம்மா. போன மாதம் உங்கள் ஆபீசிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தப் புது ஆபீசைப் பார்க்க வந்திருந்தார்கள். மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டலில் தங்கினார்கள், திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் கூட்டிக்கொண்டு வந்து கொண்டுபோய் விட்டது நம் அப்பா ஓட்டுகிற கம்பெனி வேன்தான். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும் கூட்டிப் போனாராம், அவர்கள் டச்சுக்காரன் கல்லறையைவிட அங்கே மேய்ந்த ஆடுகளைத்தான் அதிகம் போட்டோ எடுத்தார்களாம். காயத்ரி மேடமும் வேனில் இருந்தார். அங்கே வைத்து அப்பா போனை எடுத்து உன் போட்டோவை அந்த இருவரில் பெரியவரிடம் காட்டி, மை சன், யுவர் ஆபீஸ், மை சன் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தாராம். அன்று வீட்டுக்கு வந்த அப்பா கால் கழுவக்கூட இல்லை. "உன் புள்ள பேரச் சொன்னவொடனே அந்தாளு கண்ணு கலங்கிட்ச்சிடி. ஒண்ணுக்கு ரெண்டு எளநீ. என் கையப் புட்ச்சிகினு நின்னான். அங்க நம்மாளு இன்னா மாதிரி வேல செஞ்சா இவன் இப்டி நிப்பான்" என்று ஆரம்பித்து அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரையும் விடவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நீ, புதிதாக வருகிறவர்களுக்கு டிரெயினிங் கொடுக்கப்போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாய். அப்பா இரண்டையும் கூட்டிப் பார்த்து உனக்குப் பதவி உயர்வு என்று முடிவு கட்டிவிட்டார். சர்ச் ஐயரிடமும் சொல்லி, அவர் கோயிலில் அறிவித்து, வருகிற பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உனக்காக நன்றிக் கூட்டம், பிரியாணி. ஷாமியானாவுக்குச் சொல்லியாகிவிட்டது.

இதெல்லாம் நடந்து நாலாவது நாள் காயத்ரி மேடம் லைனுக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "வீட்ல உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லலையாம்மா? மார்ச்சோட அங்க டிராயிங் வேலை மொத்தமும் முடியுது. எல்லாம் இங்க வருது. அவர்கிட்டதான் நான் கத்துக்கப் போறேன். உங்கப்பா போட்டோ காட்டினப்ப எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல." நான் தலையை ஆட்டிவிட்டுப் போர்டுக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். "அந்த கேக்கு வெட்டனாரே ஒரு பெரியவரு, அவரு மாதிரியா" என்று கேட்டாள். நீ அங்கே சேர்ந்த வருஷம் பக்கத்து சீட்டில் ஒருவர் உனக்கு நாலு மாதம் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசி நாள் கேக் வெட்டிப் போனாரே, நீ அதை வீடியோவில் காட்டினாயே. நாம் மூன்று பேரும் அது என்ன கேக் என்றுதான் கேட்டோம், அந்த மனுஷன் நாளைக்கு எங்கே போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இப்போது தினமும் அந்தக் கேக் ஞாபகம் வருகிறது, அவரிடமிருந்து நீ வாங்கினாய், உன்னிடமிருந்து இவள் வாங்குகிறாள், வேலை மட்டும் கால் முளைத்து ஊர் ஊராகப் போகிறது என்கிறாள்.

முதலில் அம்மா உனக்குச் சொல்லச் சொன்ன புத்திமதி வேறு. "பாதிய சொல்லிக்குடுத்துட்டு மீதிய வாய்லயே வெச்சிக்கச் சொல்லு" என்றாள். பிறகு போன ஞாயிறு மேடத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள், முறைத்துப் பார்ப்பதற்காகத்தான் கூப்பிட்டாள், அது எனக்குத் தெரியும். மேடம் வந்து மீன்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா கை கழுவப் போனபோது மேடம் மெதுவாகச் சொன்னார், மூன்று மாதத்தில் தான் தேறவில்லை என்றால் இந்த வேலை வியட்நாமுக்குப் போய்விடுமாம், அங்கேயும் ஓர் ஆபீசைத் தயாராக வைத்திருக்கிறார்களாம். திண்டுக்கல்லில் இருக்கிற தன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லையாம். அவர் போன பிறகு அம்மா, "திட்டறதுக்குக்கூட ஒரு ஆளு ஒழுங்கா கெடைக்கல" என்று பாத்திரத்தைத் தேய்த்தாள். ஆகவே முந்தைய புத்திமதி ரத்து. முழுதாகச் சொல்லிக் கொடு. மேடத்துக்குக் குளிர் தாங்காது, கம்பளி எங்கே மலிவு என்றும் சொல்லிக் கொடு. இந்தக் கடிதத்தை நாங்கள் ஒட்டவில்லை, வழியில் அவர் படித்தால் படிக்கட்டும்.

இந்த இடத்தில் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள், நான் என் பங்குக்கு ஒன்று எழுதுகிறேன். நீ வரைகிற ஒயர்க்கட்டுக்குத்தான் நான் டேப் சுற்றுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. என் போர்டில் ஒட்டியிருக்கும் டிராயிங்கின் கீழ் மூலையில் ஒரு கட்டம், அதில் வரைந்தவர் பெயர், அது உன் பெயர். முதல் நாளே பார்த்தேன், பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், கார்க் கதவுப் பக்கம் போகிற ஒயர்க் கிளை பிரியும் இடத்தில் நீ ஒரு கிளிப் வைத்திருக்கிறாய் பார், அதற்கும் முடிச்சுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான், டேப் ரோல் உள்ளே நுழையவே நுழையாது. நாங்கள் டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து மேஜை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, கிளிப்பைக் கடைசியில் மாட்டுகிறோம். ஆடிட் வந்தால் துண்டுகளை மறைத்துவிட்டு நீ வரைந்தபடியே செய்வதுபோல நடிக்கிறோம். "இத வரைஞ்ச பேமானிய கூட்டியாந்து ஒரு ஷிப்ட்டு இங்க நிக்க வெக்கணும்" என்று ஒரு பி.இ. அக்கா வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள், நான் ஒயரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மேடம் வந்து சொன்ன மறுநாள், அந்தப் பேமானி என் அண்ணன்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். லைனே சிரித்தது, பிறகு ஒவ்வொருத்தியும் அவளவள் இடத்தில் எது கைக்கு வராது என்று சொன்னாள். இப்படி ஏழு இடம் இருக்கிறது. படம் போட்டுத் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். கட்டத்தில் உன் பெயர் இருக்கும்போதே நீ திருத்திவிடு. போகிற வேலை ஒழுங்காகப் போகட்டும், இங்கே அதைச் சுற்றப்போவதும் நாங்கள்தானே.

அம்மா வந்துவிட்டாள். நீ ஊருக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லையாம். இங்கே புது ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் அங்கே உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான், நீ சொல்லிக் கொடுத்த காயத்ரி மேடத்துக்குக் கீழேயே நீ உட்கார வேண்டி வரும், உனக்கு ரோஷம் வரும், ரோஷத்தைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொள்ளச் சொல்கிறாள். வேறு தேசத்தில் வேறு வேலை பார்த்தாலும் அவளுக்குச் சம்மதம், லாரி மட்டும் வேண்டாமாம், நம் வீட்டில் ஒரு டிரைவர் போதும். தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியில் காலத்தை ஓட்டாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், வேலை போகிற போக்கையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லப் போவதில்லை, மேடத்தையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். பதினாலாம் தேதி அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நின்று சாட்சி சொல்லப் போகிறார், அதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும், உன் வாயால் தெரிய வேண்டும். மேடம் சனிக்கிழமை அங்கே வந்துவிடுவார், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்கிறபோது போனை அப்பாவிடம்தான் கொடுப்போம். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னாத்துக்கு வூட்ல மறைக்கிறான், கொலயா பண்ணிட்டான்? வேல போவுது நைனான்னு சொல்லு. மூணே வார்த்த. அதுக்கு மேல அவரு கத்தறதோ அழுவறதோ நான் பக்கத்துல கீறேன், பாத்துக்கறேன்."

இப்படிக்கு,
உன் அம்மா செங்கம்மாள்
எழுதியது, தங்கை சிநேகா