அவள் கேட்டால் ஆமாம் என்று சொல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் சின்னவளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி நன்றாகவே இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்கவேண்டும், அதுதான் என் தினப்படி நினைப்பு. போன் இருக்கும்போது இந்தக் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ முழிப்பது தெரிகிறது. போனை எடுத்தால் சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், உட்காராவிட்டால் அடுத்த அறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள், அவளுக்குப் பாம்புச் செவி. அவள் காதில் விழக்கூடாத சமாச்சாரம் இது. எழுத்து பெரிது பெரிதாகவும் ஒரு வரி இன்னொரு வரிமேல் ஏறியும் இருந்தால் திட்டாதே, பார்சல்மேல் விலாசம் எழுதுகிற தடித்த பேனாவால் எழுதுகிறேன், காரணத்தைச் சொல்கிறேன், பதறாமல் படி.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவருகிறதாம், ஊசி போடுகிறார்கள், அது பார்வை போகிற வேகத்தைக் குறைக்குமே தவிர போனதைத் திருப்பித் தராது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அவர் முகம்தான் எனக்குத் தெரியவில்லை. ஓரங்களெல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, நேரே எதைப் பார்க்கிறேனோ அங்கேதான் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய மாதிரி ஓர் அழுக்கு. தெரிந்த அன்றைக்கே டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போய், இனி நான் யாருக்கும் வண்டி கற்றுக்கொடுக்க முடியாது என்று சொல்லி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஊர்ப் பிள்ளைகளின் உயிரோடு விளையாட முடியுமா. உனக்கும் சின்னவளுக்கும் மட்டும் முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். நீகூட இடுப்புக்கு ஒரு பெல்ட் அனுப்பினாய், அருமையான பெல்ட், இல்லாத வலிக்கு நல்ல குணம் தெரிகிறது. சிரித்துவிடு, இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத முடியாது.

சின்னவள் பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரிகளை நேரில் பார்த்துத்தான் சேருவேன் என்று நின்றாள். லைசென்ஸ் வாங்கிய சூடு வேறு, நானே ஓட்டுகிறேன், அப்பா முதுகை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும் என்றாள். அவள் போட்ட சட்டம் என்னவென்றால் ஒரு கல்லூரி பார்த்தால் ஒரு மலை ஏறவேண்டும், கட்டடத்துக்குள் பேச்சு கேட்ட காதுக்குக் காற்று வேண்டுமாம். அவளுக்குப் பாறை பைத்தியம் என்பது உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் உன் பள்ளிக்கூடப் பையில் கல்லைப் போட்டுவைத்து உன்னிடம் குட்டு வாங்குவாளே, அந்தப் பைத்தியம் தெளியவே இல்லை, நிலவியல்தான் படிப்பேன் என்கிறாள். முதலாளி பெரிய மனசு பண்ணி பழைய பயிற்சி வண்டியைக் கொடுத்தார், மேலே இருக்கிற பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்பினோம். அந்த வண்டியில் என் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு என்று நான் சொல்லவேண்டியதில்லை, நீயும் அதில் என்னிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றாய். அவள் நன்றாக ஓட்டுகிறாள் ராசா, உன்னைவிட நன்றாக, கோபித்துக்கொள்ளாதே. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், எதிரே வருகிறவன் முட்டாள் என்று வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை முதல் கல்லூரி வாசல்வரைக்கும்தான். மரநிழல் ஒன்று சாலையில் குறுக்கே விழுந்திருந்தது, எனக்கு அது யாரோ குனிந்து எதையோ பொறுக்குகிற மாதிரி பட்டது, காலை ஓங்கி பிரேக்கில் வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனான், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், இவள் என்னப்பா, யாருப்பா அங்கே என்று கத்தினாள். பழக்கதோஷம் என்று மழுப்பினேன். உள்ளே போனால் சுற்றிக்காட்டுகிற பெண் பின்னோக்கி நடந்துகொண்டே பேசுகிறாள், நூலகம் இது, உணவுக்கூடம் அது என்று, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முடிவில் விடுதிக் காப்பாளர் என்று நினைத்து ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று உருகி உருகிப் பேசினேன், அவரும் என்னைப்போல மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பனாம், பாவம், மரியாதைக்குச் சரி சரி என்றிருக்கிறார். சின்னவள் அதற்குச் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபிறகு என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவதாகப் போன கல்லூரிதான் தூரத்துக் கல்லூரி, வீட்டிலிருந்து ஒன்றரை நாள் ஓட்டம், மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே பாறைகளுக்கென்றே ஒரு கூடம், சுவர் முழுக்க இழுப்பறைகள், ஈரமண் வாசனை, ஒரு மூலையில் கல்லை ரொட்டி மாதிரி சீவுகிற வாள். அந்தத் துறைப் பேராசிரியை அம்மாள் இவள் கேட்ட கேள்விகளைக் கேட்டுவிட்டு, ஏப்ரனை எடுத்து மாட்டு, நீயே ஒன்றை அறுத்துப் பார் என்று வாள் முன்னால் நிறுத்திவிட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்து முகமெல்லாம் சேறு, அறுத்த துண்டை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்பா இங்கே வாங்க, இதைப் பாருங்க, உள்ளே எப்படி மின்னுது பாருங்க என்று கூப்பிட்டாள். எனக்குக் கல்லும் தெரியவில்லை, அவள் முகமும் தெரியவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், முகத்தைப் பார்க்கவேண்டுமானால் காதைப் பார்ப்பேன், அப்போது முகம் ஓரத்தில் வந்து நிற்கும். அவள் காதைப் பார்த்தேன். உன் அம்மா போனபிறகு இவ்வளவு சந்தோஷமாக அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. போனில் பேத்தியை நீ காட்டும்போதும் நான் அவள் காதைத்தான் பார்க்கிறேன், தாத்தா வேறெங்கோ பார்க்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்ளப் போகிறது.

மறுநாள் அந்தக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஏறினோம். ஏறும்போது சங்கடமில்லை, அவள் முன்னால் போக நான் அவள் பையின் சிவப்பு நிறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வழியெல்லாம் இந்தப் பாறை ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது, அந்தப் பாறை வெந்து உருகி வந்தது என்று அவள் பாடம் எடுத்தாள், நான் மூச்சு வாங்க ஊம் கொட்டினேன். இறங்கும்போதுதான் கால் வைக்கிற இடம் தெரியாமல் இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டேன், முதுகு என்றேன். கடைசி வளைவில் கீழே வண்டிகள் நிற்கிற இடம் தெரிந்தது. அங்கே நின்றாள். புதிதாக வருகிற எவரையும் முதல்நாள் நான் சாவியைத் தொட விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், தெருவில் நிறுத்தி தூரத்தில் நிற்கிற வண்டியைக் காட்டி நம்பரை வாசி என்பேன், வாசிக்காவிட்டால் கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன். என் குரலிலேயே, என்னைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு, எங்கே, அந்த ஓரத்துல நிக்குற வெள்ளை வண்டி நம்பரை வாசிங்க பார்ப்போம் என்றாள். விளையாட்டு என்று நானும் விளையாட்டாக ஒரு நம்பரை அடித்துவிட்டேன், அவளுக்கு மட்டும் அங்கிருந்து தெரியவா போகிறது என்கிற தெம்பில். கட்டியிருந்த கையை அவள் பிரித்தாள். பிறகு மெதுவாக, அது நம்ம வண்டிப்பா என்றாள்.

அந்த நம்பரை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அத்தனை வருஷம் உட்கார்ந்து சம்பாதித்த வண்டி, அது என்று தெரிந்திருந்தால் பார்க்காமலே சொல்லித் தப்பித்திருப்பேன், அது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு. வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகும் அவள் சாவியைப் போடவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன், ஊசியை, டாக்டரை, முதுகுவலியை. ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள், நான் என்ன செய்வேன், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தக் காலேஜ் எனக்குப் பிடிக்கலை, நம்ம வீட்டுப் பக்கத்துக் காலேஜே போதும், அங்கேயும் ஏதோ ஒரு டிகிரி இருக்கு என்றாள். அங்கே நிலவியல் கிடையாது, கணக்கும் வணிகமும்தான். பொய் சொல்லாதே என்றேன், நீங்க மட்டும் சொல்லலாமா என்றாள். என் வாழ்நாளில் மாணவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்கு அவளிடம் கத்தினேன், உன் தலையெழுத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம், எனக்கு ஆயா வேலை பார்க்க நீ பிறக்கவில்லை என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். பார்க்கவேண்டிய கல்லூரி இன்னும் இருந்தது, ஏறவேண்டிய மலையும் இருந்தது, வண்டி வீட்டை நோக்கித்தான் திரும்பியது.

காலையில் சாலையோரத்துக் கடை ஒன்றில் டீயும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள், வாயில் வைக்கவில்லை. அந்தத் தூரத்துக் கல்லூரியில் கொடுத்த காகிதங்களை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. அவிழ்த்துவிட்டேன் ஒரு புளுகை. அண்ணன் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறான் என்றேன். அடுத்த வருஷம் வந்துவிடுவான், வேலைக்கெல்லாம் பேசி முடித்துவிட்டான், திடீரென்று வந்து நின்று உன்னை அசத்தவேண்டும் என்று சொல்லாமல் வைத்திருக்கிறான், அதுவரைக்கும் சமாளிக்கிற அளவு எனக்குக் கண் இருக்கிறது, நீ போய் நிம்மதியாகப் படி என்றேன். பயிற்சி இல்லாமல் இவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. நிஜமா என்றாள். நிஜம் என்றேன். உங்ககிட்ட மட்டும் சொன்னானா, என்கிட்ட சொல்லலையா என்று உன்மேல் ஒரு கோபம் வேறு. அப்புறம் ரொட்டியைத் தின்றாள், என்னுடையதையும் எடுத்துத் தின்றாள். மேஜைக்கு அடியில் குனிந்து காகிதங்களை உருவி, தொடையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நீவிக்கொண்டிருந்தாள்.

நீயாகச் சொல்கிறவரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன், அதனால்தான் இதைப்பற்றி அவள் இத்தனை நாள் உன்னிடம் வாய் திறக்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது, அந்தத் துறை அம்மாளே கூப்பிட்டுச் சொன்னார். வருகிற மாத ஆரம்பத்தில் கிளம்புகிறாள். கிளம்புவதற்குள் உன் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்று துடிக்கிறாள், இன்றோ நாளையோ வாக்கை மீறிக் கூப்பிட்டுவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும். கேட்டால் ஆமாம் என்று சொல். அவ்வளவுதான் நான் கேட்பது. நீ வரவேண்டாம். உன் வேலை, மருமகளின் வேலை, நீங்கள் அங்கே ஒவ்வொரு படியாக ஏறி வந்தது எல்லாம் எனக்குத் தெரியாதா. வருகிறேன் என்று மட்டும் சொல், அவள் காலூன்றுகிறவரைக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம், லீவு கிடைக்கவில்லை, காகிதம் வரவில்லை என்று நீ எனக்கு நாலு வருஷமாகச் சொல்வதுதானே, அதையே அவளுக்கும் சொல். குத்திக்காட்டவில்லை ராசா, நிஜமாகவே குத்திக்காட்டவில்லை.

நான் சமாளிப்பேன். அடுப்பின் திருகுகளில் நெயில்பாலிஷால் மேடு மேடாகப் புள்ளி வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தையல்காரர் சாயங்காலம் வந்து பேப்பர் வாசிக்கிறேன் என்றிருக்கிறார், அரசியலைத் தவிர மற்றதை மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. நீ வந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசை இல்லையா என்றால் அதுவும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், எல்லா ஆசையையும் பிள்ளைகள் தலையில் கட்ட முடியுமா. நீ தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே, டயரைப் பார்த்துக்கொள், மருமகளைச் சமையலறையில் தனியாக விட்டுவிட்டு நீ போனை நோண்டிக்கொண்டிருக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வாய்நிறையச் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருங்கள், பேத்திக்குத் தாத்தாவின் முத்தம்.

ஒன்று மறக்காதே. கிளம்புவதற்குள் உங்களுக்காக உன் பழைய அறைக்குப் பெயின்ட் அடித்துவிடவேண்டும் என்று சின்னவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், சுவரைச் சுரண்டியாகிவிட்டது, ஏணி அறை நடுவில் நிற்கிறது. பாப்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னைக் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, அண்ணனைக் கேள் என்றேன். ஏதாவது ஒரு நிறம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா